ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

ஒரு கேள்வியோடு தொடங்கலாம். உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பழைய வீட்டைப் பார்த்து, “இதை இடிக்கக் கூடாது” என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரருக்குக் கூரை ஒழுகுகிறது. உத்தரத்தைக் கறையான் அரித்துவிட்டது. வாங்க ஆள் வந்து நல்ல விலையும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் நாம் போய் வாசலில் நின்று இரண்டு படம் எடுத்து, “ஆகா, எவ்வளவு அழகு, இதைப் போய் இடிக்கலாமா?” என்று கேட்கிறோம். அப்புறம் தாமானில் இருக்கும் நம்ம வீட்டுக்குத் திரும்பி, ஏர்கோனைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். அழகு நமக்கு, ஒழுகல் அவருக்கு. இது நியாயமா?

நான் பொறியியல் படிக்கிறவன். ஒரு கட்டடம் நிற்குமா, விழுமா என்று கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அது நிற்க வேண்டுமா என்று கேட்டால் எந்தக் கணக்கும் உதவாது. அது அறம் சார்ந்த கேள்வி. ஒரு வீட்டுக்கே இப்படி என்றால், ஒரு முழு நகரத்தின் பழைமையைக் காக்கத் திட்டம் போடும்போது இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான வாசல்களில் எழுகிறது. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு பினாங்கின் ஜார்ஜ்டவுன்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். இந்த 259 ஹெக்டருக்கும் சேர்த்துத் தயாரித்த சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல் அரசிதழில் வெளியானது. எந்தக் கட்டடம் எந்த வகையைச் சேர்ந்தது, எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, காலி மனையில் புதிதாகக் கட்டினால் எவ்வளவு உயரம் போகலாம் என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. கடைவீடுகளின் முகப்பு, ஓட்டுக் கூரை, உள்முற்றம், நம்ம ஆளுங்க ‘அஞ்சடி’ என்று சொல்லும் வாசல் நடைபாதை, எல்லாமே கணக்கில் வருகின்றன.

நல்ல திட்டம்தான். ஆனால் 2008 வரைக்கும் அந்த நகரம் எப்படிப் பிழைத்தது? யாராவது பாரம்பரியத்தின் மேல் ஆசைப்பட்டுக் காப்பாற்றினார்களா? பெரும்பாலும் இல்லை. காப்பாற்றியது ஒரு வாடகைச் சட்டம்.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏற்ற விடாமல் பிடித்து வைத்திருந்தது. குடியிருப்பவரை வெளியேற்றுவதும் சுலபமில்லை. இதனால் இரண்டு விஷயங்கள் நடந்தன. சாதாரணத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் நகரின் நடுவிலேயே குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது. இன்னொரு பக்கம், வீட்டுக்காரருக்கு வந்த வாடகை பழுதுபார்க்கக்கூடப் போதவில்லை. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதும் சுலபமில்லை. கட்டடங்கள் நைந்துபோய் நின்றன, ஆனாலும் நின்றன. அதாவது, பல ஆண்டுகள் ஜார்ஜ்டவுனின் பழைமையை யார் செலவில் காத்தோம் என்று கேட்டால், வீட்டுச் சொந்தக்காரர்கள் செலவில்.

பிறகு 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுவதுமாக முடிந்தது. வாடகை எகிறியது. பழைய குடும்பங்களும் கைத்தொழில் செய்தவர்களும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நகரத்தை விட்டு வெளியேறினார்கள். சில கடைவீடுகளில் மனிதர்கள் போன இடத்தில் பறவைக் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். யுனெஸ்கோ பெயர் கிடைத்த பிறகு தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சுவருக்குப் புதுச் சாயம் பூசினார்கள். ஆனால் காலையில் அந்தக் கதவைத் திறந்து, அஞ்சடியில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிய ஆள் எங்கே? பாரம் இப்போது சொந்தக்காரர் தோளிலிருந்து குடியிருந்தவர் தோளுக்கு மாறிவிட்டது.

எங்கள் துறையில் முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். பாரம் ஒருபோதும் காணாமல் போகாது. கூரையின் எடை உத்தரத்துக்கு, உத்தரத்திலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அடித்தளத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்குப் போய்ச் சேரும். அந்தப் பாதையை நீங்கள் யோசித்து அமைக்கவில்லை என்றால், பாரம் தானே ஒரு பாதையைத் தேடிக்கொள்ளும். வழியில் எது பலவீனமோ, அதை உடைத்துக்கொண்டு போகும்.

நகரப் பாதுகாப்புத் திட்டமும் அப்படித்தான். “இந்த நகரம் எல்லாருடைய சொத்து” என்று சொல்வது சுலபம். அந்த ‘எல்லாருடைய’ சொத்தைச் சுமக்கும் பாரம் யார் தோள் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது? இதற்குப் பதில் சொல்லாத திட்டம் எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் அரைத் திட்டம்தான்.

சரி, இதற்கு எதிராக வரும் வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: “என் சொத்து, என் இஷ்டம்.” இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு கடைவீட்டைக் கவனித்துப் பாருங்கள். அதன் பக்கச் சுவர் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. நடுவில் ஒன்றை இடித்தால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். மதிப்பும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறதென்றால், அந்த வரிசை முழுவதும் இடிபடாமல் நிற்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மதிப்பை உண்டாக்கியதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது, எதிரே கோயிலை நடத்தியவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அதனால் ‘என் இஷ்டம்’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

ஆனால் அதே நியாயம் திருப்பியும் அடிக்கும். பலன் பொதுவானால் செலவும் பொதுவாக வேண்டும். “உன் மனையில் பத்து மாடி கட்டாதே” என்று நகரம் சொன்னால், அவரிடமிருந்து நகரம் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு என்ன கொடுக்கிறது? நியூயார்க்கில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சிக்குப் பிறகு, 1965-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே ஒரு வழி வைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் உரிமையாளர், தன் மனையில் கட்டாமல் விட்ட உயரத்தை அருகிலுள்ள வேறு மனைக்கு மாற்றிக் கொடுக்கலாம். கிராண்ட் சென்ட்ரல் நிலைய வழக்கில், 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பினாங்கில் 2009 முதல் திங்க் சிட்டி அமைப்பு வழியாகக் கட்டடப் பழுதுபார்ப்புக்கு மானியங்கள் கொடுக்கப்பட்டன. இவையெல்லாம் பாரத்தைப் பல தோள்களுக்குப் பிரிக்கும் முயற்சிகள். மானியம் வாங்கும் உரிமையாளர், பழைய குடியிருப்பாளரைச் சில ஆண்டுகளாவது நியாயமான வாடகையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தால், பாதை மண் வரைக்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது வாதம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. “நம்ம மக்களுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, பிள்ளைகள் படிப்புக்குத் திண்டாடுறாங்க. இதில் வெள்ளைக்காரன் காலத்துச் சுவரைக் கட்டிப் பிடிச்சு அழணுமா?”

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சுவர் வெள்ளைக்காரனுடையது மட்டும்தானா? ஜார்ஜ்டவுனின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய உழைப்பு, இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு. கவர்னர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. செங்கல் சுமந்தவர்களின் பெயர்களை எங்கே போய்த் தேடுவது? சூலியா ஸ்திரீட் என்ற பெயரிலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருக்கிறார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நடந்தன. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கும்பிட்ட கோயில் அது.

வசதியுள்ளவனின் வரலாறு பத்திரத்திலும் ஓவியத்திலும் தங்கிவிடும். உழைப்பாளியின் வரலாற்றுக்குப் பல நேரங்களில் அவன் வாழ்ந்த தெருவும் கும்பிட்ட கோயிலும்தான் சாட்சி. தெரு போனால் சாட்சியும் போயிற்று. ‘நாங்கள் இங்கே எப்போதிலிருந்து இருக்கிறோம்’ என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் என்ன இருக்கும்? ஆகவே பாரம்பரியம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. ஏழைக்குத்தான் அது அதிகம் தேவை.

இங்கே பட்டியல் என்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எந்தப் பாதுகாப்புத் திட்டமும் கணக்கெடுப்பில்தான் தொடங்கும். கணக்கெடுப்பவர் தெருவில் நடந்து போகிறார். வளைவும் தூணும் உள்ள மாளிகை கண்ணில் படுகிறது, குறித்துக்கொள்கிறார். தகரக் கூரை போட்ட பூக்கடை படுவதில்லை. பட்டியலில் இல்லாததைத் திட்டத்தால் காக்க முடியாது. எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பது வெறும் எழுத்தர் வேலை இல்லை, அதுவும் ஓர் அறச்செயல்.

அடுத்தது, எல்லைக்கோடு. 259 ஹெக்டருக்குச் சிறப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் பினாங்கு தீவு மாநகர் மன்றத்தின் பொறுப்பில் 2015 முதல் தீவு முழுவதும் இருக்கிறது. கோட்டுக்கு உள்ளே ஓர் ஓடு மாற்ற அனுமதி கேட்க வேண்டும். கோட்டுக்கு வெளியே? 2016 பிப்ரவரியில் கடலோரத்தில் ரன்னிமீட் வளாகத்தின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடம் பாரம்பரியப் பகுதிக்கு வெளியே இருந்தது. 1999-இல் கொடுத்த பழைய திட்ட அனுமதி அப்போதும் செல்லுபடியாக இருந்தது. ஒரு பகுதியை மட்டும் இறுக்கிப் பாதுகாத்தால், கட்டுமான நெருக்குதல் பக்கத்துப் பகுதிக்குத் தள்ளப்படும். மறுபடியும் அதே பாடம்தான்: பாரம் காணாமல் போகாது.

இந்த எல்லைக்கோட்டுப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள நமக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் எங்கிருந்து புறப்படுகிறது? பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து. 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. அது குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் தண்ணீர்மலைப் பக்கம் போகின்றன. அதாவது பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் தொடங்கி, அதைத் தாண்டி வெகுதூரம் போகின்றன. வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள், சீனர்களும் வந்து அர்ச்சனைத் தட்டு நீட்டுகிறார்கள். ரதம் யுனெஸ்கோ கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

உயிருள்ள பாரம்பரியத்துக்குப் பாதை உண்டு, உறவு உண்டு, தொலைவில் வசிக்கும் ஆட்கள் உண்டு. ஆயர் ஈத்தாம் பக்கம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் வாழ்ந்த டோபி காட், உலகப் பாரம்பரியப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. அதை மறந்துவிட்டு நடு நகரத்தை மட்டும் காத்தால், மேடையைக் காத்துவிட்டு நடிகர்களைத் துரத்தியது போலாகும். அதனால்தான் முழு நகரத்துக்கும் திட்டம் வேண்டும் என்கிறேன். தீவு முழுவதையும் ஒரே விதியில் உறைய வைக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தோடு எந்த இடம் சேர்ந்து உயிர் வாழ்கிறது என்று தெரிந்துகொண்டு, இடத்துக்கு ஏற்ற மாதிரி விதி வைக்கச் சொல்கிறேன்.

‘உறைய வைப்பது’ என்றதும் இன்னொரு கேள்வி வருகிறது. காப்பது என்றால் மாற்றாமல் வைப்பதா? 1964-இல் எழுதிய வெனிஸ் சாசனம் பழைய கல்லுக்கும் மூலப்பொருளுக்கும் அதிக மதிப்புக் கொடுத்தது. ஐரோப்பாவின் கல் கட்டடங்களுக்கு அது பொருந்தும். ஆனால் மரக் கோயில்களை அவ்வப்போது பிரித்துப் புதுப்பிக்கும் மரபுள்ள ஜப்பானில், 1994-இல் நாரா நகரில் கூடிய நிபுணர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். உண்மைத்தன்மை என்பது பொருளில் மட்டும் இல்லை. பயன்பாடு, மரபு, கைத்திறன், உணர்வு இவற்றிலும் இருக்கிறது, அதை அந்தந்தப் பண்பாட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

நமக்கு இது புதிதா என்ன? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாலாலயம் செய்து, தெய்வ சக்தியைக் கலசத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடித்து மறுபடி பிரதிஷ்டை செய்கிறோம். சுதை புதிது, வண்ணம் புதிது. ஆனாலும் ‘இது வேற கோயில்’ என்று யாரும் சொல்வதில்லை. தொடர்ச்சி சுவரில் மட்டும் இல்லை, வழிபாட்டில் இருக்கிறது.

அதற்காக, “புதுப்பிப்பதுதான் நம்ம மரபு” என்று சொல்லி எல்லாவற்றையும் உடைத்துப் போட அனுமதி கிடைத்துவிட்டதா? இல்லை. பழைய கட்டடங்களில் செங்கல் மென்மையானது, பூச்சு சுண்ணாம்பு. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே ஆவியாகும். அதன் மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்புப் படிந்து செங்கல் உதிரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். நல்ல எண்ணம் மட்டும் போதாது, பொருளின் குணமும் தெரிய வேண்டும். புதுப்பிப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: தொடர்ந்து பயன்படுத்தப் போகிறவர்கள், பொருளை அறிந்து, அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதற்காகச் செய்வது புதுப்பித்தல். வாங்கி விற்பவருக்காக அடையாளத்தைத் துடைப்பது அழித்தல்.

இனி நம்ம பங்கு. இந்தக் கட்டுரை படித்துவிட்டு “அரசாங்கம் பார்த்துக்கும்” என்று போய்விட்டால் பயனில்லை.

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லவும் அவகாசம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு வரைவு வரும்போது உங்கள் கிளையிலிருந்து நாலு பேர் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் உங்கள் கோயில் இருக்கிறதா, அது என்ன வண்ணத்தில் இருக்கிறது, பக்கத்தில் என்ன வரப் போகிறது என்று கேளுங்கள். எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அடுத்தது, பட்டியல். ஒரு கிளை, ஒரு தெரு என்று எடுத்துக்கொள்ளுங்கள். யார் கடை, எத்தனை தலைமுறை, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன தொழில் என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய கும்பாபிஷேக மலர்கள் பல வீட்டு அலமாரியில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கோயில் எப்போது தொடங்கியது, யார் நிலம் கொடுத்தார், யார் தலைவராக இருந்தார் என்று எல்லாம் இருக்கும். கையில் ஹேண்ட்போன் இருக்கிறதே, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேமியுங்கள். நாளைக்கு ஒரு கணக்கெடுப்பாளர் வந்தால் “இந்தாங்க சார்” என்று நீட்டலாம்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமான கடைவீடுகள் பல ஊர்களில் உண்டு. சீனர்களுக்குக் கொங்சி, முஸ்லிம்களுக்கு வக்கஃபு, நமக்கு அறக்கட்டளைச் சொத்து. இந்தச் சொத்துகளில் வாடகை எவ்வளவு, யாருக்கு விடுவது என்று முடிவெடுப்பது நாமேதான். இருபது ஆண்டுகளாகப் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவா, இரண்டு மடங்கு வாடகை தருவதாகச் சொல்லும் புதிய ஆளா? கோயிலுக்கும் வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை வெறும் வெள்ளிக் கணக்காக மட்டும் எடுக்கக் கூடாது. நகரத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை முதலில் நம்ம வளாகத்தில் செய்து காட்ட வேண்டும்.

முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அடுத்தவர் வீட்டைப் பார்த்து “இடிக்காதே” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் அது இலவசமாக வரும் உரிமை இல்லை. அவர் கூரையைச் சரிசெய்யப் பொதுப் பணத்தில் ஒரு பங்கு, அவர் குடியிருப்பாளர் வெளியேறாமல் இருக்க ஒரு விதி, அந்தத் தெருவின் கதையை எழுதி வைக்க நம் நேரத்தில் சில மணி. இப்படி ஏதாவது ஒரு வகையில் பாரத்தைத் தொட்டவனுக்குத்தான் அந்த உரிமை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வடத்தைத் தொடாமல் ஓரத்தில் நின்றுகொண்டு, “தேர் ஏன் நகரவில்லை?” என்று கேட்பவர்களாக நாம் இருக்க வேண்டாம்.